சோதனைச்சாலையாளர் கல்வி

நோயாளியின் கையினின்று எடுத்த இரத்தம் எங்கே செல்கின்றதென்று நம்முள் வினவுவோர் சிலரே. மருத்துவரை அறிவோம், செவிலியரை அறிவோம். சிறு குழாயிலிட்ட அவ்விரத்தத்தை ஆராய்ந்து மருத்துவர்க்குச் சான்று தருவோரையோ நாம் அறிந்திலோம். அவர்தம் கல்வி மாறிவந்த வகையினைச் சிறிது நோக்குவோம்.

முன்னாளில் மருத்துவர்க்கு அருகிருந்து கண்டும் கேட்டும் இத்தொழிலைக் கற்றோரே பலர். அமெரிக்க நாட்டில் நோய்க்கூறு மருத்துவர் சங்கத்தார் 1928-இல் ஒரு பதிவுக்கழகம் நிறுவித் தகுதியுடையார்க்குச் சான்றளிக்கத் தொடங்கினர். நம் நாட்டில் டிப்ளமாவும் பின்னர்ப் பட்டமும் வந்தன. 2021-இல் இயற்றிய சட்டம் இத்தொழிலை ஒரு தேசிய ஆணையத்தின்கீழ்க் கொணர்ந்தது.

அணுக்களை எண்ணும் முறையையே எடுத்துக்கொள்வோம். வெள்ளணுக்களை எண்ண, இரத்தத்தை இருபது மடங்கு நீர்ப்பித்து, நியூபவர் கண்ணாடியின் நான்கு மூலைச் சதுரங்களில் இட்டு நுண்ணோக்கியாற் காண்பர். ஒவ்வொரு சதுரமும் 1 மில்லிமீட்டர் பக்கமும் 0.1 மில்லிமீட்டர் ஆழமும் உடையது. நான்கும் சேர்ந்து 0.4 கன மில்லிமீட்டர். 140 அணுக்கள் தோன்றின், அதனை 20-ஆற் பெருக்கி 0.4-ஆல் வகுக்க 7,000 என வரும். கண்ணும் பொறுமையும் வேண்டும் வேலை இது.

வாலஸ் கூல்ட்டர் என்பார் 1953-இல் உரிமை பெற்ற முறை இவ்வேலையைப் பொறியிடம் ஒப்புவித்தது. மின்னோட்டமுள்ள உப்புநீரில், சிறு துளையின் வழியே அணு ஒன்று புகுந்தோறும் மின்தடை மாறும். அம்மாற்றங்களைப் பொறி எண்ணும். இனிக் கல்வி எதற்கென்று கருதினாரும் உளர். நாமும் ஒருகால் அவ்வாறே கருதினோம்.

அஃது எத்துணைப் பிழையென்பதற்கு ஒன்று கூறுவோம். காய்ச்சலுற்ற குழந்தையின் இரத்தத் தட்டணுக்கள் 30,000 என்று பொறி காட்டுகின்றது. இயல்பான அளவோ ஒன்றரை இலட்சத்திற்கு மேற்பட்டது. பெற்றோர் நடுங்குவர், டெங்குவோ என்பர், பிறர் குருதித் தட்டணுக்களை ஏற்றலாமோ என மருத்துவரும் எண்ணுவர். நன்கு பயின்ற சோதனையாளர் அவ்வெண்ணை உடனே எழுதியனுப்பார். ஒரு துளியைக் கண்ணாடியிற் பரப்பி, லீஷ்மன் சாயமேற்றி நோக்குவார். சிலர் இரத்தத்தில், உறையாதிருக்கக் குழாயிலிட்ட ஈ.டி.டி.ஏ. என்னும் மருந்தினாலேயே தட்டணுக்கள் கொத்துக்கொத்தாக ஒட்டிக்கொள்ளும். கொத்தினைத் தட்டணுவென்று பொறி அறியாது. ஆதலின் எண் குறைந்தது. குறைவு குழாயிலன்றி உடலில் இல்லை.

பின்னர்ச் சோடியம் சிட்ரேட்டுக் குழாயில் மறுபடி இரத்தம் பெறுவார். அதில் ஒன்பது பங்கு இரத்தத்தோடு ஒரு பங்கு மருந்து கலத்தலின், வந்த எண்ணை 1.1-ஆற் பெருக்குவார். பொறி 1,80,000 காட்டின், உண்மை 1,98,000.

ஆகவே, பி.சி.ஆர். போன்ற புதுமுறைகளைப் பாடத்திற் சேர்க்குங்கால் நுண்ணோக்கிக்குரிய மணிகளைக் குறைத்தல் தகாதென்பதே நம் கருத்து. இத்துறை புக விரும்பும் நம் மாணவர், கல்லூரியைத் தேர்வதற்கு முன், அங்கே ஒரு மாணவர் எத்தனை இரத்தப் பூச்சுகளைத் தம் கண்ணாற் காண்பரென்று கேட்டறிக.