ஸ்கூல் பார்த்து வீடு வாங்குகிறீர்களா? கையெழுத்துக்கு முன் ஏழு வேலைகள்

டல்லாஸில் வேலை உறுதியாகிவிட்டது. ஃபிரிஸ்கோ, பிளேனோ, ஆலன் என்று வீடு தேட ஆரம்பித்துவிட்டீர்கள். ஆபீஸில் யாரைக் கேட்டாலும் ஒரே பப்ளிக் ஸ்கூலின் பெயரைத்தான் சொல்கிறார்கள். சிக்கலே அங்கேதான். எல்லோரும் அந்த ஸ்கூலின் எல்லைக்குள் குடியேறினால் அது நிரம்பி வழியும். வீடு எல்லைக்குள் இருக்கும், பிள்ளையின் சீட் பக்கத்து ஸ்கூலில் இருக்கும். ஒரு ஜாப் ஆஃபரை எவ்வளவு அலசுவீர்களோ, இதையும் அவ்வளவு அலசுங்கள்.

1. எல்லையை நீங்களே சரிபாருங்கள். வீட்டு விளம்பரத்தில் ஸ்கூல் பெயர் இருக்கும். பள்ளி விவரத்தை வாங்குபவரே உறுதி செய்துகொள்ள வேண்டும் என்ற வரியும் கீழே சின்ன எழுத்தில் இருக்கும். 1968ஆம் ஆண்டு ஃபேர் ஹவுசிங் சட்டத்தை மனதில் வைத்து, பல ஏஜென்ட்கள் ஸ்கூல் நல்லதா, சுமாரா என்று கருத்துச் சொல்லவே மாட்டார்கள். ஸ்கூல் டிஸ்ட்ரிக்டின் இணையதளத்தில் கதவு எண்ணோடு முகவரியைப் போட்டுப் பாருங்கள். ஊர் பெயரை நம்பாதீர்கள். ஃபிரிஸ்கோ நகரிலேயே சில பகுதிகள் புராஸ்பர், லூயிஸ்வில் டிஸ்ட்ரிக்ட்களில் வருகின்றன.

2. 22 என்ற எண்ணை மனப்பாடம் செய்யுங்கள். டெக்சஸ் சட்டப்படி கிண்டர்கார்டன் முதல் 4ஆம் கிரேடு வரை ஒரு வகுப்பில் 22 பிள்ளைகள்தான் உச்சவரம்பு. அதைத் தாண்ட வேண்டுமானால் பொதுவாக டிஸ்ட்ரிக்ட் மாநிலத்திடம் விலக்கு கேட்க வேண்டும். இல்லையென்றால் இன்னொரு டீச்சரைப் போட வேண்டும். அதுவும் முடியாதபோது அந்த கிரேடை ‘கேப்’ செய்துவிட்டு, புதிதாக வருகிறவர்களைப் பக்கத்து ஸ்கூலுக்கு அனுப்புவார்கள். இங்கே கடைசியில் வருகிறவருக்குத்தான் நஷ்டம். ஜூலை கடைசியில் க்ளோஸிங் வைத்துக்கொண்டு ஆகஸ்டில் போய் நிற்காதீர்கள். புது வீட்டுக்கு பில்டரோடு போட்ட ஒப்பந்தத்தை வைத்து முன்கூட்டியே பதிவு செய்ய முடியுமா என்று கேளுங்கள்.

3. ஆஃபர் போடும் முன் ஸ்கூல் டிஸ்ட்ரிக்டுக்கு ஒரு ஈமெயில் அனுப்புங்கள். நாலே கேள்விகள் போதும். என் பிள்ளையின் கிரேடு இப்போது கேப் ஆகியிருக்கிறதா? ஆகியிருந்தால் எந்த ஸ்கூலுக்கு அனுப்புவீர்கள்? இடம் காலியானால் திரும்பி வர முடியுமா? தம்பி, தங்கைக்கும் அதே ஸ்கூல் கிடைக்குமா? பதிலை எழுத்தில் வாங்குங்கள். ஃபோனில் சொன்னது கணக்கில் வராது.

4. வேலை நாளில் நேரில் போங்கள். மதியம் ஸ்கூல் விடும் நேரத்துக்குச் சற்று முன்பே காரை ஓரமாக நிறுத்திப் பாருங்கள். பிக்கப் வரிசை மெயின் ரோடு வரை நீள்கிறதா? கட்டடத்துக்குப் பின்னால் மரப்படிகள் வைத்த போர்ட்டபிள் வகுப்பறைகள் எத்தனை நிற்கின்றன? முதல் லஞ்ச் எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். காலை பத்தரைக்கே தொடங்குகிறது என்றால் கேஃபட்டேரியா தாங்கவில்லை என்று அர்த்தம்.

5. ஸ்கூல் போர்டு மீட்டிங் ஆவணங்களைப் படியுங்கள். அவை பொது ஆவணங்கள். வளரும் டிஸ்ட்ரிக்ட்கள் டெமோகிராஃபரை வைத்து, ஒவ்வொரு ஸ்கூலிலும் எத்தனை பேர் படிக்கிறார்கள், எத்தனை பேருக்கு இடம் இருக்கிறது, வரும் ஆண்டுகளில் எண்ணிக்கை எப்படிப் போகும் என்று கணித்து வாங்குகின்றன. உங்கள் பிள்ளைக்கு இப்போது இரண்டு வயது என்றால் இன்றைய கூட்டத்தை விட அந்தக் கணிப்புதான் முக்கியம். பக்கத்தில் புது ஸ்கூல் கட்டினால் எல்லைக்கோடு நகரும். கூட்டமும் நிரந்தரமில்லை. ஒரு காலத்தில் மளமளவென்று வளர்ந்த பிளேனோ டிஸ்ட்ரிக்ட், மாணவர் எண்ணிக்கை குறைந்ததால் 2025இல் நான்கு ஸ்கூல்களை மூடியது.

6. போட்டியைக் கணக்குப் போடுங்கள். பேர்போன ஹைஸ்கூலில் சேர்த்தால் கல்லூரி நிச்சயம் என்று நினைப்பது தப்பு. 2026 சேர்க்கையிலிருந்து ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகம் ஒவ்வொரு ஹைஸ்கூலிலும் முதல் 5 சதவீதத்தினருக்கு மட்டுமே நேரடி இடம் தருகிறது. அதுவும் பல்கலைக்கழகத்தில்தான் இடம். கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்கும் என்று உத்தரவாதம் இல்லை. கிரேடில் 500 பேர் இருந்தால் 25 பேர்தான் அந்த வட்டத்துக்குள் வருவார்கள். எல்லோருமே முட்டி மோதிப் படிக்கும் ஸ்கூலில் ரேங்க் எடுப்பது கடினம். விளையாட்டிலும் அப்படியே. ஸ்கூலில் 2,000 பேர் படித்தாலும் 5,000 பேர் படித்தாலும் கூடைப்பந்து வார்சிட்டி டீம் ஒன்றுதான். உங்கள் பிள்ளை கூட்டத்தில் முந்துகிற ரகமா, கூட்டத்தில் ஒதுங்குகிற ரகமா என்று யோசித்து முடிவெடுங்கள்.

7. பணத்தையும் வேலையையும் சேர்த்துப் பாருங்கள். டெக்சஸில் மாநில வருமான வரி கிடையாது. அதை ஈடுகட்டுவது ப்ராப்பர்ட்டி டாக்ஸ், அதில் பெரும் பங்கு ஸ்கூலுக்குப் போகிறது. புதுக் குடியிருப்புகளில் தண்ணீர், சாக்கடை வசதிக்கான மட் டாக்ஸும் சேரலாம். மாதத் தவணையை இவை எல்லாவற்றையும் கூட்டியே கணக்கிடுங்கள். எச்1பி விசாவில் இருப்பவர்கள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். வேலை போனால் கிடைக்கும் அவகாசம் அதிகபட்சம் 60 நாள். ஸ்கூல் பெயருக்காக பட்ஜெட்டை மீறாதீர்கள். ஒப்பந்தத்தில் ஆப்ஷன் பீரியட் கேட்டு வாங்குங்கள். சிறு கட்டணம் செலுத்தினால், அந்த நாட்களுக்குள் எந்தக் காரணத்துக்காகவும் விலகலாம். இன்ஸ்பெக்ஷனோடு ஸ்கூல் விசாரணையையும் அதற்குள் முடித்துவிடுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகு ஒரே ஒரு கேள்வி மிச்சம். கிரேடு கேப் ஆனால் பிள்ளையை அனுப்பக்கூடிய அந்த இரண்டாவது ஸ்கூல் உங்களுக்குச் சம்மதமா? அதையும் ஒரு நடை போய்ப் பாருங்கள். பிரின்சிபாலைச் சந்தியுங்கள். பிக்கப் நேரத்தில் ஆபீஸிலிருந்து அங்கே வந்து சேர முடியுமா என்று ஓட்டிப் பாருங்கள். சம்மதம் என்றால் தைரியமாக ஆஃபர் போடுங்கள். இல்லையென்றால் அந்த எல்லைக்குள் ஒரு வருடம் வாடகைக்குப் போய், சீட் கிடைக்கிறதா என்று பார்த்த பிறகு வாங்குங்கள். முகவரிச் சான்றாக லீஸ் பத்திரத்தையும் பொதுவாக ஏற்றுக்கொள்வார்கள். வாடகைக்கு இருப்பவர் பிள்ளைக்கும் சொந்த வீட்டுக்காரர் பிள்ளைக்கும் அந்த ஸ்கூலில் ஒரே உரிமைதான்.