போர்வையில் ஒரு வேதவுரை

ஓய்வுநாளிற் கண்காட்சி காணப் புகும் நம்மிற் பலர் தையற்பகுதியை விரைந்து கடந்துவிடுகின்றோம். 1886-ஆம் ஆண்டு, அமெரிக்காவில் ஜார்ஜியா மாகாணத்து ஏதென்ஸ் நகரப் பருத்திக் கண்காட்சியில், ஜென்னி ஸ்மித் என்னும் ஓவிய ஆசிரியை ஒரு போர்வையின்முன் நின்றுவிட்டார். அதனைத் தைத்தவர் ஹேரியட் பவர்ஸ் அம்மையார். 1837-இல் அடிமையாய்ப் பிறந்தவர்.

துணியை உருவங்களாக வெட்டி, வேறொரு துணிமேற் பொருத்தித் தைத்த வேலை அது. கட்டங்கள் 11. ஏதேன் தோட்டம், ஆபேலின் கொலை, யாக்கோபின் கனவு, யூதாசின் 30 வெள்ளிக்காசு, இராப்போஜனம் முதலியன அவற்றில் உள. நாம் இதனைத் தையல் என்பதினும் உரை என்றே கொள்வோம். எதனை எடுப்பது, எதனை விடுப்பது என ஆராய்தல் உரையாசிரியர் தொழிலன்றோ?

ஸ்மித் விலைக்குக் கேட்டபோது அம்மையார் மறுத்தார். சில ஆண்டுகட்குப்பின் வறுமை நெருக்கவே, 10 டாலர் கேட்டு, 5 டாலருக்கே கொடுத்தார். வாளா கொடுத்தாரல்லர், கட்டந்தோறும் பொருள் விரித்துரைக்க, ஸ்மித் எழுதிக்கொண்டார். அவ்வெழுத்து இன்றேல், ஏழு விண்மீன்களிடையே நிற்கும் உருவம் சாத்தான் என நாம் எங்ஙனம் அறிவோம்? போர்வை இப்பொழுது வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் உள்ளது. விற்றபின்னரும் அம்மையார் ஸ்மித்தின் இல்லத்துக்குப் பன்முறை வந்து அதனைக் கண்டு சென்றார்.