ஆல்கோ உறுமல் என் மேஜைக்கு வந்த கதை

பெருங்களத்தூரில் தண்டவாளத்தை ஒட்டிய வீட்டில் வளர்ந்தவன் நான். அகலப்பாதை வந்த பிறகு, பொன்மலை ஷெட்டின் டபிள்யூ.டி.எம்.-2 டீசல் எஞ்சின் சிக்னலுக்காக வந்து நின்றால் எங்கள் ஜன்னல் கண்ணாடி கடகடக்கும். அந்தச் சத்தம் மேஜைமேல் ஓடும் என் ஹெச்.ஓ. அளவு (1:87) மாதிரி எஞ்சினிலும் கேட்க வேண்டும் என்றுதான் மோட்டாரையும் சத்தத்தையும் இயக்கும் சின்ன மின்னணுப் பலகையான சவுண்ட் டிகோடரைப் பொருத்தக் கற்றுக்கொண்டேன்.

‘இந்திய எஞ்சின் சத்தம்’ எங்கே கிடைக்கும் என்று பலர் கேட்கிறார்கள். தேடி அலைய வேண்டாம். டபிள்யூ.டி.எம்.-2 அமெரிக்க ஆல்கோ கம்பெனியின் வடிவமைப்பு. 1962-ல் அங்கிருந்து வந்து இறங்கியது. 1964 முதல் வாரணாசியில் தயாரானது. உள்ளே இருப்பது 16 சிலிண்டர் ஆல்கோ 251. அந்த எஞ்சினின் ஒலிக்கோப்பை ஏற்றினால், நிற்கும்போது விட்டுவிட்டு வரும் ‘தொப்… தொப்’ அப்படியே வந்துவிடும். ஹாரன்தான் பொருந்தாது. அமெரிக்க ஹாரனில் பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும். நம் காதுக்கு அது அந்நியம். விடியற்காலை மொட்டைமாடியில் நின்று நம்மூர் ஹாரனை போனில் பதிவுசெய்து, டிகோடருக்கான புரோகிராமர் கருவி வழியாக ஏற்றிக்கொண்டேன்.

என் முதல் டிகோடர் ஒரே நிமிடத்தில் கருகியது. தப்பு என்னுடையது. பழைய மாதிரி எஞ்சின்களில் மோட்டாரின் ஒரு முனை உலோகச் சட்டத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். சட்டத்துக்குச் சக்கரத்திலிருந்து மின்சாரம் வரும். டிகோடர் வைத்த பிறகு அந்தத் தொடர்பு துளியும் இருக்கக் கூடாது. என் எஞ்சினில் கார்பன் பிரஷ்ஷைப் பிடித்திருந்த செம்புத் தகடு, அடிப்பக்கம் மயிரிழை அளவுக்குச் சட்டத்தைத் தொட்டிருந்தது. நான் கவனிக்கவில்லை. இப்போதெல்லாம் மல்டிமீட்டரை ‘பீப்’ ஒலியில் வைத்து, ஒரு முனையை மோட்டாரிலும் மறுமுனையை ஒவ்வொரு சக்கரத்திலும் வைத்துப் பார்க்கிறேன். ஒரு ‘பீப்’ கேட்டாலும் வேலையை நிறுத்திவிட்டு, தொடும் இடத்தில் காப்டான் (Kapton) மின்காப்பு டேப் ஒட்டுவேன்.

வயர்களுக்கு நிறமே வழிகாட்டி: சிவப்பும் கறுப்பும் தண்டவாளத்திலிருந்து, ஆரஞ்சும் சாம்பலும் மோட்டாருக்கு, நீலம் விளக்குகளுக்குப் பொது பிளஸ், வெள்ளை முன்விளக்கு. எல்.இ.டி.க்கு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட மறக்காதீர்கள். சென்னை ரிச்சி தெருவில் ஈயக்கம்பி வாங்கும்போது ரோசின் உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். ஆசிட் பேஸ்ட் வேண்டவே வேண்டாம். நம் கடலோர ஈரப்பதத்தில் அது வயரை மெல்ல அரித்துவிடும்.

ஸ்பீக்கர் விஷயத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். நானும் முதலில் ஸ்பீக்கரை வெறுமனே கூரைக்கு அடியில் ஒட்டினேன். ஆல்கோ கொசுவாக ரீங்கரித்தது. ஸ்பீக்கரின் முன்பக்க ஒலியைப் பின்பக்க ஒலி அடித்துவிடுகிறது என்பது பிறகுதான் புரிந்தது. பிளாஸ்டிக் தகட்டில் தீப்பெட்டியை விடச் சின்னதாக ஒரு பெட்டி செய்து, ஸ்பீக்கரின் முதுகை மூடி, வயர் நுழையும் ஓட்டையைக்கூடப் பசையால் அடைத்தேன். அதே டிகோடர், அதே ஸ்பீக்கர், உறுமல் வந்தது. ஓம் அளவு மட்டும் டிகோடர் கையேட்டில் சொன்னபடி இருக்க வேண்டும்.

சத்த அளவை இரவில் ஃபேனை நிறுத்திவிட்டு வையுங்கள். ஃபேன் ஓடும்போது வைத்தால் கூட்டிக்கொண்டே போவீர்கள். சின்ன ஸ்பீக்கர் கரகரக்கும்.

முதல் சோதனை, டிகோடரின் அமைப்புகளைப் படிக்கவும் மாற்றவும் தனியாக வைத்திருக்கும் புரோகிராமிங் தண்டவாளத்தில்தான். அங்கே மின்சாரம் குறைவு. வயர் தவறியிருந்தாலும் டிகோடர் பிழைக்க வாய்ப்பு அதிகம். புது டிகோடரின் முகவரி பெரும்பாலும் 3. அந்த முகவரியைச் சரியாகப் படிக்க முடிந்தால் மட்டும் பெரிய தண்டவாளத்துக்கு எடுத்துப்போங்கள்.

எஞ்சினின் மேல்கூட்டை மாட்டும்போது வயர் நசுங்கலாம். மாட்டிய பிறகும் புரோகிராமிங் தண்டவாளத்தில் இன்னொரு முறை வைத்துப் பாருங்கள்.