தலைக்காயமும் இழப்பீட்டு உரிமையும்: குடும்பத்தார் அறிந்திருக்க வேண்டியவை

சாலை விபத்தில் தலையில் அடிபட்டவரின் குடும்பத்தார் முதல் சில வாரங்களில் அவர் உயிர் பிழைப்பதைப் பற்றி மட்டுமே எண்ணுவர். இழப்பீடு என்ற சொல்லே அப்போது மனத்தில் எழாது. ஆனால் இழப்பீட்டின் அளவைத் தீர்மானிக்கும் ஆவணங்களுள் பெரும்பாலானவை அந்த வாரங்களிலேயே உருவாகின்றன. அவை எவை, அவற்றை எவ்வாறு காப்பது, எந்தத் தாளில் அவசரப்பட்டுக் கையொப்பம் இடக்கூடாது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. இது பொதுவான விளக்கமே. ஒவ்வொருவரின் நிலைமைக்கும் ஏற்ற அறிவுரையை வழக்கறிஞரிடமே பெறுதல் வேண்டும்.

தலைக்காயம் ஏன் தனித்தன்மை உடையது?

கால் எலும்பு முறிந்தால் ஊடுகதிர்ப் படம் அதைக் காட்டும், நடையும் காட்டும். மூளைக்காயம் அவ்வாறன்று. நோயாளி நடப்பார், பேசுவார், உறவினரை அடையாளம் காண்பார். ஆனால் காலையில் சொன்னதை மாலையில் மறந்துவிடுவார். சிறு ஓசைக்கும் சினம் கொள்வார். கடையில் மீதிச் சில்லறையைக் கணக்கிட இயலாமல் திகைப்பார். தொடங்கிய வேலையை முடிக்கமாட்டார். மூளையின் முன்பகுதி பாதிக்கப்பட்டோரிடம் இத்தகைய குறைகள் மிகுதி. ஸ்கேன் படத்தில் இரத்தக் கசிவு முற்றிலும் கரைந்துவிட்ட பின்னரும் இக்குறைகள் நீடிக்கலாம்.

நீதிமன்றத்தில் பத்து நிமிடம் நின்று பெயரையும் ஊரையும் சரியாகச் சொல்லிவிடும் ஒருவரைக் கண்டு, "இவர் நலமாகத்தானே இருக்கிறார்" என்று எதிர்த்தரப்பு வாதிடக்கூடும். கண்ணுக்குத் தெரியாத குறையை ஆவணத்தால் தெரியச் செய்வதே தலைக்காய வழக்கின் முதன்மைப் பணியாகும்.

எந்தச் சட்டம்? எந்தத் தீர்ப்பாயம்?

மோட்டார் வாகன விபத்துகளுக்கு 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் பொருந்தும். வேறொரு வாகனத்தின் கவனக்குறைவால் காயமுற்றவர், அச்சட்டத்தின் 166-ஆம் பிரிவின் கீழ் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு செய்யலாம். பெரும்பாலும் வாகனத்தின் காப்பீட்டு நிறுவனமே தொகையைச் செலுத்த வேண்டியிருக்கும்.

கண்டமங்கலம் வட்டாரத்தாருக்கு இங்கு ஒரு குழப்பம் எழுவதுண்டு. விழுப்புரம் – புதுச்சேரி சாலையில் மதகடிப்பட்டு, திருபுவனை ஆகியவை புதுச்சேரி ஆட்சிப் பகுதியைச் சேர்ந்தவை. கண்டமங்கலம் தமிழ்நாட்டைச் சேர்ந்தது. அதைக் கடந்து அரியூர் சென்றால் மீண்டும் புதுச்சேரி. சில கிலோமீட்டர் தொலைவுக்குள் காவல் எல்லை மாறிவிடுகிறது. முதல் தகவல் அறிக்கை விபத்து நடந்த எல்லையின் காவல் நிலையத்தில்தான் இருக்கும். ஆனால் இழப்பீட்டு மனுவை விபத்து நடந்த இடத்தில் மட்டுமன்றி, மனுதாரர் வசிக்கும் இடத்திற்குரிய தீர்ப்பாயத்திலும் தாக்கல் செய்யலாம். ஆகவே புதுச்சேரி எல்லையில் அடிபட்ட கண்டமங்கலத்தார் தம் மாவட்டத்திலேயே வழக்கை நடத்தலாம்.

மோதிய வாகனம் இன்னதென்று தெரியாவிட்டால் 161-ஆம் பிரிவின் கீழ்க் கொடுங்காயத்திற்கு 50,000 ரூபாயும், உயிரிழப்புக்கு 2 லட்சம் ரூபாயும் வழங்கப்படும். இதற்கான விண்ணப்பத்தை வருவாய்த்துறை அதிகாரியிடம் அளிக்க வேண்டும். எவரும் மோதாமல் தாமே வழுக்கி விழுந்தவர், பிறர்மீது 166-ஆம் பிரிவின் கீழ் மனு செய்ய இயலாது. அவர் வாகன உரிமையாளராகவும் ஓட்டுநராகவும் இருந்தால், தம் பாலிசியில் தனிநபர் விபத்துக் காப்பீடு உள்ளதா என்று பார்த்தல் வேண்டும்.

தமிழ்நாட்டில் "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டம் 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்டது. விபத்துக்குப் பின் முதல் 48 மணி நேரச் சிகிச்சை அதன்வழி கட்டணமின்றிக் கிடைக்கிறது. இலவசச் சிகிச்சை பெற்றதால் இழப்பீட்டு உரிமை போய்விட்டது என்று சிலர் கருதுகின்றனர். அது தவறு. சிகிச்சைச் செலவு இழப்பீட்டின் ஒரு பகுதி மட்டுமே. இழந்த வருமானமும் இனிமேல் தேவைப்படும் பராமரிப்பும் வேறு கணக்கு.

முதல் நாள் ஆவணங்கள்

மருத்துவமனையில் சேர்க்கும்போது "எப்படி நடந்தது?" என்று கேட்டு விபத்துப் பதிவேட்டில் எழுதுவர். பின்னாளில் வழக்கில் முதலில் படிக்கப்படும் தாள்களுள் இதுவும் ஒன்று. பதற்றத்திலோ, காவல் விசாரணைக்கு அஞ்சியோ, விபத்தை நேரில் காணாத உறவினர் "வண்டியிலிருந்து வழுக்கி விழுந்துவிட்டார்" என்று சொல்லிவிடுவதுண்டு. பிறகு வேறு வாகனம் மோதியதாக மனுவில் சொன்னால், அந்த ஒரு வரி எதிர்வாதத்திற்கு அடிப்படையாகிவிடும். நேரில் காணாதவர் "எனக்குத் தெரியாது" என்று சொல்வதே சரி. கண்டவர் உண்மையை உள்ளவாறே சொல்லுதல் வேண்டும்.

பாதுகாக்க வேண்டியவை: விபத்துப் பதிவேட்டின் நகல், முதல் தகவல் அறிக்கை, வெளியேற்றச் சுருக்கம், எல்லா ஸ்கேன் அறிக்கைகளும் படங்களும், அறுவைக் குறிப்பு, மருந்துச் சீட்டுகள், இரசீதுகள், புறநோயாளிச் சீட்டுகள். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் முதலுதவி பெற்று ஜிப்மருக்கு மாற்றப்பட்டவர் இரண்டு இடத்து ஆவணங்களையும் பெறுதல் வேண்டும்.

சேர்க்கைக் குறிப்பில் கிளாஸ்கோ கோமா அளவு என்ற எண் இருக்கும். அது 3 முதல் 15 வரை அமையும். 8-உம் அதற்குக் கீழும் கடுமையான காயம், 9 முதல் 12 வரை நடுத்தரம், 13 முதல் 15 வரை இலேசானது எனப் பொதுவாக வகுப்பர். காயத்தின் தொடக்க நிலைக்கு இந்த எண் சான்றாகும். எனினும் இலேசானது என்று வகுக்கப்பட்டவருக்கும் மறதியும் சினமும் நீடிக்கலாம். அவ்வாறு நீடித்தால் மறுபார்வையின்போது மருத்துவரிடம் சொல்லிச் சீட்டில் எழுதச் செய்யுங்கள். நரம்பியல் உளவியல் மதிப்பீடு செய்ய இயலுமா என்றும் கேளுங்கள். நினைவாற்றல், கவனம், திட்டமிடும் திறன் ஆகியவற்றை அளந்து எண்ணில் தரும் சோதனை அது.

சான்றிதழ் விழுக்காடும் வருமான இழப்பும்

மருத்துவக் குழு தரும் ஊனச் சான்றிதழில் 40 விழுக்காடு என்று இருந்தால், வருமான இழப்பும் 40 விழுக்காடு என்று பலர் கருதிவிடுகின்றனர். உச்ச நீதிமன்றம் 2010 அக்டோபரில் அளித்த ஒரு தீர்ப்பில் நீதிபதி ஆர்.வி. இரவீந்திரன் இதைத் தெளிவுபடுத்தினார். உடலின் ஊனம் வேறு, அதனால் ஒருவர் சம்பாதிக்கும் திறனில் நேரும் இழப்பு வேறு. இடக்கையை இழந்தவர் ஓட்டுநராகவோ தச்சராகவோ இருந்தால் அவரது வருமானத் திறன் ஏறத்தாழ முழுதும் போய்விடலாம்; அலுவலக எழுத்தர் வேலையைத் தொடரலாம். ஆகவே காயமுற்றவர் இன்னும் எவற்றைச் செய்ய முடியும், விபத்துக்கு முன் என்ன தொழில் செய்தார், அத்தொழிலையோ மாற்றுத் தொழிலையோ இனிச் செய்ய இயலுமா என்று தீர்ப்பாயம் ஆராய வேண்டும்.

இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதை ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கால் அறியலாம். 32 வயதுக் கொத்தனார் ஒருவரின் மாத வருமானம் 15,000 ரூபாய் எனக் கொள்வோம். 40 வயதுக்குட்பட்ட சுயதொழிலருக்கு வருங்கால உயர்வாக 40 விழுக்காடு சேர்க்க வேண்டும் என்பது உச்ச நீதிமன்ற அரசியலமைப்பு அமர்வு 2017-இல் வகுத்த நெறி. சேர்த்தால் மாதம் 21,000, ஆண்டுக்கு 2,52,000. 31 முதல் 35 வயது வரையினருக்குப் பெருக்கெண் 16. சம்பாதிக்கும் திறன் முழுதும் போயிற்று என்று நிறுவப்பட்டால் வருமான இழப்பு 40,32,000 ரூபாய். வெறும் 40 விழுக்காடு என்று முடிவானால் 16,12,800 ரூபாய். இடைவெளி 24 லட்சத்திற்கும் மேல்.

சாரத்தில் ஏறினால் தலைசுற்றும், அளவுகளை நினைவில் வைக்க இயலாது, வலிப்பு வரும் அச்சம் உள்ளது என்றால், கை கால் நன்றாக இருந்தாலும் அவர் கொத்தனார் வேலையைச் செய்ய முடியாது. இதைச் சான்றிதழின் எண் மட்டும் சொல்லாது. மருத்துவரின் சாட்சியமும், அவருடன் வேலை செய்தோர் அல்லது வேலை கொடுத்தோரின் சாட்சியமும் சொல்லும். கூலித் தொழிலாளர்க்குச் சம்பளச் சீட்டு இராது. நலவாரிய அட்டை, வங்கிக் கணக்கு, மேஸ்திரியின் கூற்று ஆகியவை வருமானத்திற்கு ஆதாரமாக உதவும்.

வாழ்நாள் பராமரிப்பு

2007-இல் 12 வயதில் விபத்துக்குள்ளாகிக் கடும் மூளைக்காயம் அடைந்த ஒரு சிறுமியின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020 பிப்ரவரி 5 அன்று தீர்ப்பளித்தது. அச்சிறுமியின் மனவளர்ச்சி ஒன்பது மாதக் குழந்தையின் அளவிலேயே இருக்கும் என்பது மருத்துவச் சான்று. தீர்ப்பாயம் வழங்கியது சுமார் 11 லட்சம். உயர் நீதிமன்றம் அதைச் சுமார் 25.8 லட்சமாக்கியது, உச்ச நீதிமன்றம் 62,27,000 ரூபாயாக உயர்த்தியது. அதில் பராமரிப்பாளர் செலவு மட்டும் 21,60,000. இரண்டு பராமரிப்பாளருக்கு மாதம் 10,000 ரூபாய் என்று கொண்டு, ஆண்டுத் தொகையை 18 என்ற பெருக்கெண்ணால் பெருக்கி இத்தொகை காணப்பட்டது. வலியும் வேதனையும், வருங்கால மருத்துவம், மணவாழ்வு இழப்பு ஆகியவற்றுக்கும் தனித்தனியே தொகை வழங்கப்பட்டது.

இதிலிருந்து நாம் அறிவது, பராமரிப்பைத் தனித் தலைப்பாகக் கேட்க வேண்டும் என்பது. மனைவியோ தாயோ வேலையை விட்டுவிட்டுக் கவனித்தால், "வீட்டு ஆள்தானே" என்று மனுவில் விட்டுவிடாதீர்கள். எத்தனை மணி நேரம், என்னென்ன உதவி, இழந்த கூலி எவ்வளவு என்பதை எழுதி வைத்து வழக்கறிஞரிடம் தாருங்கள்.

விரைவும் பொறுமையும்

2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, 166-ஆம் பிரிவு மனுவை விபத்து நடந்த 6 மாதத்திற்குள் தாக்கல் செய்ய வேண்டும். மூளைக்காயத்திலிருந்து மீள்வதோ ஓராண்டு, ஈராண்டு என நீளக்கூடும். எக்குறை நிலைத்து நிற்கும் என்று ஆறாம் மாதத்தில் உறுதியாகச் சொல்வது கடினம்.

ஆகவே மனுவை விரைந்து தாக்கல் செய்யுங்கள். நிலைத்த ஊனத்தின் மதிப்பீட்டை, உடல்நிலை ஓரளவு நிலைபெற்ற பின் செய்துகொள்ளுங்கள். மனு நிலுவையில் இருக்கும்போதே தீர்ப்பாயத்தின் வழியாக மருத்துவக் குழுவிடம் செல்லலாம். 6 மாதம் கடந்துவிட்டதென்று தாமே முடிவுகட்டி இருந்துவிடாமல், உடனே வழக்கறிஞரைக் கலந்து பேசுங்கள்.

கையொப்பம் இடுமுன்

மூன்று இடங்களில் கவனம் தேவை. முதலாவது, 164-ஆம் பிரிவின் கீழ், எவர்மீது தவறு என்று நிறுவாமலேயே கொடுங்காயத்திற்கு 2.5 லட்சம் ரூபாய் பெறலாம். ஆனால் அத்தொகையை ஏற்றுக்கொண்டால் 166-ஆம் பிரிவு மனு அற்றுப்போகும். சிறு காயத்திற்கு அது போதுமானதாக இருக்கலாம். மேலே கண்ட கொத்தனாருக்கு அது பேரிழப்பு.

இரண்டாவது, மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் செய்துகொண்டால் விரைவில் பணம் கிடைக்கும். ஆனால் அதன்மேல் மேல்முறையீடு இல்லை. தீர்ப்பாயத்தின் தீர்ப்பை எதிர்த்தோ 90 நாட்களுக்குள் உயர் நீதிமன்றம் செல்லலாம். நோயாளியின் நிலை தெளிவாகும் முன் சமரசம் செய்துகொள்வது நல்லதன்று.

மூன்றாவது, மருத்துவமனை வாயிலில் அணுகி வெற்றுத்தாளில் கையொப்பம் கேட்கும் இடைத்தரகர்களைத் தவிருங்கள். கிடைக்கும் தொகையில் பங்கு என்று கட்டணம் பேசுவதற்கு வழக்கறிஞர் நடத்தை விதிகள் இடமளிப்பதில்லை.

உதவி எங்கே?

நோயாளி தாமே முடிவெடுக்க இயலாத நிலையில் இருந்தால், அவர் சார்பில் நெருங்கிய உறவினர் மனு செய்யத் தீர்ப்பாயத்தின் அனுமதியைப் பெறலாம். பெண்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோர் வருமான வரம்பு எதுவுமின்றி இலவச சட்ட உதவிக்கு உரியவர்கள். விழுப்புரத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு உள்ளது. 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். நோயாளி வீடு திரும்பும் நாளிலேயே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். நாள்தோறும் இரண்டு வரி போதும்: இன்று எதை மறந்தார், எதற்குச் சினந்தார், எந்த வேலையில் துணை வேண்டியிருந்தது, வலிப்பு வந்ததா, எவ்வளவு செலவாயிற்று. உள்ளதை உள்ளவாறே எழுதுங்கள். மேம்பட்ட நாளையும் எழுதுங்கள். மறுபார்வைக்கு வரும்போது அந்நோட்டை மருத்துவரிடம் காட்டுங்கள். சிகிச்சையைச் சரியாக அமைக்க அது மருத்துவருக்குப் பயன்படும். உங்கள் இல்லத்தில் நிகழும் இழப்பைத் தீர்ப்பாயத்தில் எடுத்துரைக்க வழக்கறிஞருக்கும் பயன்படும்.