விலைப்புள்ளியும் தடைப் பட்டியலும்

நம் சங்கங்களின் படுக்கை விரிப்பும் மஞ்சளும் கடல் கடந்து விற்பனையாகின்றன. அவ்வியாபாரத்தில் சரக்கின் தரத்தையும் விலையையும் கவனிப்பதோடு, வாங்குபவர் யார் என்பதையும் கவனித்தாக வேண்டும். ஐக்கிய நாடுகளின் பாதுகாப்புச் சபை விதிக்கும் தடைகள், 1947ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் கீழ் இந்தியாவில் அமல் செய்யப்படுகின்றன. அமெரிக்கக் கருவூல இலாகாவும் தனியே ஒரு தடைப் பட்டியல் வைத்திருக்கிறது. டாலர்ப் பணம் பெரும்பாலும் அமெரிக்க பாங்குகளின் வழியே வருவதால், பட்டியலில் உள்ளவர் அனுப்பும் பணம் அங்கேயே முடங்கிவிடக்கூடும்.

எப்பொழுது சோதிப்பது?

விலைப்புள்ளி கொடுக்கும் முன்பே சோதிக்க வேண்டும். நூல் வாங்கி, சாயமேற்றி, கூலியும் கொடுத்தபின், சரக்கு துறைமுகத்தில் நிற்கையில் தடை தெரிய வந்தால் நஷ்டம் அங்கத்தினர்களையே சாரும். ஆதலால் விலைப்புள்ளி தயாரிக்கும் கணினி மென்பொருளிலேயே இச்சோதனையை இணைக்கிறார்கள். குமாஸ்தா வாங்குபவரின் பெயர், விலாசம், சரக்கு சேரும் தேசம் ஆகியவற்றைப் பதிந்ததும், கணினி அவற்றைப் பட்டியல்களோடு ஒப்பிடுகிறது. ஒத்த பெயர் தென்பட்டால் விலைப்புள்ளி நிறுத்தி வைக்கப்படும்.

கணினி எங்கே தவறும்?

ஆப்பிள் கம்பெனி 2008இல் ஸ்லோவீனிய நிறுவனம் ஒன்றோடு ஒப்பந்தம் செய்தது. அந்நிறுவனம் 2015இல் அமெரிக்கத் தடைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. ஆப்பிளின் ஏட்டில் அதன் பெயர் முழுதும் பெரிய எழுத்தில் இருந்தது. பட்டியலிலோ பெயரின் கடைசி மூன்று எழுத்துக்கள் சிறிய எழுத்தில் இருந்தன. இரண்டும் ஒன்றே எனக் கணினி அறியவில்லை. 2019இல் 4,66,912 டாலர் செலுத்தி விவகாரம் தீர்க்கப்பட்டது. அமேசான் கம்பெனியின் சோதனையோ, கிரிமியா என்ற பெயரின் முதலெழுத்து மாறியிருந்த விலாசத்தைப் பிடிக்கவில்லை. இது போன்ற குறைகளுக்காக அக்கம்பெனி 2020இல் 1,34,523 டாலர் செலுத்த நேர்ந்தது.

முத்துசாமி என்னும் பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதுகிறோம் என்று எண்ணிப் பார்த்தால் இதன் காரணம் விளங்கும். எனவே எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவது போதாது. ஒலியும் எழுத்தும் நெருங்கி வரும் பெயர்களையும் கணினி எடுத்துக் காட்ட வேண்டும். அவ்வாறு செய்யும்போது நேர்மையான வாடிக்கையாளரும் சில சமயம் நிறுத்தப்படுவார். பெயர் ஒத்திருப்பது குற்றமாகாது. பிறந்த தேதி, விலாசம், பதிவு எண் ஆகியவற்றைப் பார்த்து மனிதரே முடிவு செய்தல் வேண்டும்.

கடைப்பிடிக்க வேண்டியவை

1. பட்டியல் மாறுந்தோறும் பழைய வாடிக்கையாளரையும் மீண்டும் சோதிக்க வேண்டும். சரக்கு அனுப்பும் முன் மற்றொரு முறை சோதிக்க வேண்டும்.

2. வாங்கும் கம்பெனியின் உடைமையாளர்களையும் விசாரிக்க வேண்டும். தடைக்குட்பட்டோர் பங்கு மொத்தத்தில் 50 சதவிகிதமோ அதற்கு மேலோ ஆனால், பட்டியலில் பெயரில்லாத கம்பெனியும் அமெரிக்க விதிப்படி தடைக்குட்பட்டதே.

3. நிறுத்திய விலைப்புள்ளியை விடுவிப்பவர் விற்பனைக் குமாஸ்தாவாக இருத்தலாகாது. விடுவித்த காரணத்தையும் தேதியையும் எழுதி வைக்க வேண்டும்.

மென்பொருள் வாங்க வசதியில்லாத சங்கமும் இதைச் செய்யலாம். மேற்சொன்ன இரு பட்டியல்களும் இன்டர்நெட்டில் இலவசமாகக் கிடைக்கின்றன.

ஆலோசனைக்கு: நம் சங்கத்தில் வெளிநாட்டு விலைப்புள்ளியைச் சரிபார்ப்பவர் யார்? அதற்குரிய பதிவேடு எங்கே இருக்கிறது? அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் இவ்விரு கேள்விகளையும் அங்கத்தினர்கள் எழுப்புவார்களாக.