ஆயுர்வேதங் கூறும் அடைப்பும் அதன் நீக்கமும்

மயிலாப்பூரில் வழக்கறிஞர் வி. கிருஷ்ணஸ்வாமி ஐயர் 1905-ஆம் ஆண்டில் வேங்கடரமண ஆயுர்வேத வைத்தியசாலையை நிறுவினார். அதனைச் சார்ந்து ஒரு கலாசாலையும் நடைபெற்றது. பின்னர், முகம்மது உஸ்மான் தலைமையிலமைந்த குழுவினர் 1923-இல் வெளியிட்ட அறிக்கையை அடுத்து, 1925-இல் சென்னையில் அரசாங்கத்தாரே இந்திய வைத்தியப் பாடசாலையைத் திறந்தனர். இத்தகைய இடங்களிற் பயில்வோர் தெளிவாக அறிந்தாகவேண்டிய சொற்களுள் ஒன்று 'ஸ்ரோதஸ்' என்பது. உடம்பில் அடைப்பு என்று ஆயுர்வேத நூலார் கூறுவது யாது என்பதை அச்சொல்லைக் கொண்டே ஆராய்வோம்.

ஸ்ரோதஸ் என்பதற்குப் பெருகியோடும் வழி என்பது பொருள். சரகர் தம் நூலின் விமான ஸ்தானத்தில் இவ்வழிகளைப் பதின்மூன்றாக வகுத்தார். பிராணன், நீர், அன்னம் இவற்றிற்குரியன மூன்று. ரசம் முதலிய தாதுக்களுக்குரியன ஏழு. மூத்திரம், மலம், வியர்வை இவற்றிற்குரியன மூன்று. இவற்றைக் குழாய்கள் என்று மட்டுங் கொள்வது பொருந்தாது. மேனாட்டு உடற்கூற்று நூலில் இன்ன நரம்பு, இன்ன நாளம் என்று விரல் வைத்துக் காட்டக்கூடியன சில. உணவு தாதுவாக மாறும் தொழிலையே வழியாக உருவகித்தன பல. அவ்வழிகளுக்கு நேரும் கேடும் நான்கு வகைப்படும்: மிகுதியாகப் பெருகுதல், தங்கிவிடுதல், முடிச்சு விழுதல், வேற்று வழியிற் பாய்தல். ஆகவே அடைப்பு என்பது கேடு முழுவதும் அன்று. அதன் ஒரு பகுதியே.

அடைப்பிற்குப் பெருங்காரணமாகச் சொல்லப்படுவது ஆமம். வயிற்றுத் தீ மந்தப்பட்டவழி, உண்ட உணவு முற்றச் செரியாது பிசுபிசுத்து நின்று வழிகளிற் படியும் என்பர். இதனைக் கேட்ட மாத்திரத்தில், பேதி மருந்து கொடுத்துக் கழுவிவிட்டால் என்ன என்று மாணாக்கர் வினவலாம். அங்கேதான் நூலார் தடுக்கின்றனர். உடம்பெங்கும் பரவி ஒட்டிய ஆமத்தை வலிந்து வெளியேற்றலாகாது. காயைப் பிழிந்து சாறு கொள்ள முயல்வான் காயையே கெடுப்பது போல, அது உடம்பைக் கெடுக்கும் என்பது வாக்படர் கருத்து. முதலில் பட்டினியாலும், சுக்கு, மிளகு, திப்பிலி என்னும் திரிகடுகு போன்றவற்றாலும் தீயை மூட்டி ஆமத்தைப் பக்குவப்படுத்தல் வேண்டும். பின்னர் நெய் அல்லது எண்ணெயால் இளக்கி, வேது பிடித்து, உறுப்புக்களிற் பரவியதை வயிற்றிடத்துக்குக் கொணர்தல் வேண்டும். அதன் பின்னரே வாந்தியோ பேதியோ. மூட்டுக்கள் வீங்கி நோகும் ஆமவாதத்திற்கும் பட்டினியும் காரமும் முன்னும், ஆமணக்கெண்ணெய் பின்னுமாகவே முறை வகுத்தனர். பசியறியாமல், நாள் குறித்து வீட்டுப் பிள்ளைகள் யாவர்க்கும் விளக்கெண்ணெய் புகட்டிய நம் பாட்டிமாரைச் சரகர் மெச்சியிரார்!

இம்முறைக்கு நாட்கள் வேண்டும். இதனை மறந்தே இக்காலத்திற் பெரும்பிழை செய்கின்றனர். மாரடைப்பு என்னும் சொல்லைக் கேட்டவுடன், அதுவும் ஸ்ரோதஸின் அடைப்பே என்று கருதிக் கஷாயம் காய்ச்சுவார் உளர். இருதயத் தசைக்கு இரத்தங் கொணரும் நாளம் அடைபட்டால் அத்தசை நிமிஷந்தோறும் மடிகின்றது; பக்குவப்படுத்துவதற்கு அங்கே அவகாசம் இல்லை. மார்பு இறுகி வியர்த்து நோவு கைக்குப் பரவினால், ஆஸ்பத்திரிக்கே உடனே செல்லல் வேண்டும்.

நாளங்களிற் கொழுப்புப் படியாவண்ணம் முன்னரே காக்க ஆயுர்வேதத்தில் மருந்து உண்டா என்பது வேறு வினா. காசி இந்து சர்வகலாசாலையில் ஜி. வி. சத்தியவதி அம்மையார், மேதோரோகம் பற்றிச் சுசுருதர் கூறியதைத் துணைக்கொண்டு, குங்கிலிய இனத்துக் குக்குலுப் பிசினை முயல்களிற் சோதித்து, இரத்தத்திற் கொழுப்புக் குறைதலை 1966-இல் எடுத்துக்காட்டினார். ஆயின் 2003-இல் அமெரிக்காவில் 103 பேரைக்கொண்டு எட்டு வாரம் நடத்திய சோதனையில், குக்குலுச் சத்தை உண்டவர்க்குத் தீய கொழுப்புக் குறையவில்லை, சிறிது ஏறியது. சிலர்க்குத் தோலில் தடிப்பும் உண்டாயிற்று.

பத்தியமும் பக்குவமும் பாராது சத்தை மட்டும் பிரித்தெடுத்து எல்லார்க்கும் ஒருபடியாகக் கொடுத்தது ஆயுர்வேதம் ஆகாது என்று வைத்தியர் மறுப்பர். அம்மறுப்பு நியாயமானதே. ஆனால், அங்ஙனமாயின், தம் முறைப்படியே கொடுத்து, கொடாதாரோடு ஒப்பிட்டு, எண்ணிக்கையால் மெய்ப்பிக்கும் கடன் அவர்களையே சாரும்.