டி.என்.ஏ. இழையின் முதலும் ஈறும்: கலைச்சொல் நோக்கு

டி.என்.ஏ. இழையின் இரு முனைகளையும் எண்ணால் மட்டுமே வேறுபடுத்தி, 5′ முனை, 3′ முனை எனத் தமிழில் வழங்குகின்றனர். வேதியியலில் அவை வெவ்வேறு தன்மையன. 5′ முனையில் அமைவது பாஸ்பேட். அதனை நீக்கிவிட்டு, கைனேஸ் நொதியால் கதிரியக்கப் பாஸ்பரஸ்-32 ஏற்றி, இழையைத் தனித்தனி நியூக்ளியோட்டைடுகளாகச் சிதைத்தால், கதிர்வீசுவதே முதலில் நின்றது எனத் தெளியலாம். 3′ முனையில் அமைவது ஹைட்ராக்சில். பாலிமரேஸ் நொதி இழையை வளர்ப்பது அங்கு மட்டுமே. இவ்வியல்பைக் கொண்டே 1968இல் ரே வூ, கைசர் இருவரும் லாம்டா வைரசின் ஒட்டும் முனைகளைக் குறியிட்ட நியூக்ளியோட்டைடுகளால் நிரப்பி ஆராய்ந்தனர். அம்முனைகளின் 12 நியூக்ளியோட்டைடுகளின் வரிசை 1971இல் முழுமையாகத் தெரிந்தது.

துண்டுகளை இணைக்கும் லிகேஸ் நொதி, ஒன்றன் 3′ முனையையே மற்றதன் 5′ முனையோடு சேர்க்கிறது. நிலைமொழி ஈறும் வருமொழி முதலும் புணர்வது போன்றது இது. ஆதலின் ‘முதல்’, ‘ஈறு’ என்னும் இலக்கணச் சொற்களே இங்குப் பொருந்துவன. ‘5′ முதல்’ என்பது ‘5′இலிருந்து’ எனவும் மயங்கக்கூடும். ‘மொழிமுதல்’ போல ‘இழைமுதல்’, ‘இழையீறு’ எனின் அம்மயக்கம் இல்லை.